கபச்சுரப்பி கபத்தைச் சுரப்பதில்லை: பிட்யூட்டரிக்கு அந்தப் பெயர் வந்த வழி

“இலங்கை உயிரியல் நூல் ஒன்றில் மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பிக்குக் ‘கபச்சுரப்பி’ என்று போட்டிருக்கிறது. அது கபத்தைச் சுரக்கிறதா? பிட்யூட்டரி என்று சொல்லும்போது ‘பித்தம்’ காதில் விழுகிறதே, அப்படியானால் கபமா, பித்தமா? சித்த மருத்துவம் வைத்த பெயரா இது?” என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: ஓர் உறுப்பின் பெயரை வைத்து அதன் வேலையைச் சொல்லிவிடலாமா? இந்த உறுப்பைப் பொறுத்தவரை முடியாது. அது கபத்தையும் சுரப்பதில்லை, பித்தத்தையும் சுரப்பதில்லை. ‘பித்தம்’ போல ஒலிப்பது தற்செயல். கபச்சுரப்பி என்பது ‘கிளாண்டுலா பிட்யூட்டாரியா’ என்ற லத்தீன் தொடரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கியது. தப்பு அந்த லத்தீனில் இருக்கிறது. தமிழ் அதை அப்படியே சுமந்துகொண்டு வந்திருக்கிறது.

முதலில் சொல்லை எடுத்துக்கொள்வோம். லத்தீனில் ‘பிட்யூட்டா’ என்றால் சளி, கோழை, மூக்கிலிருந்து வழியும் பிசுபிசுத்த நீர். இதில் ஐயமில்லை. அந்த லத்தீன் சொல்லின் வேர் எது என்பதில்தான் கருத்து வேறுபாடு உண்டு. பைன் மரத்துப் பிசினைக் குறிக்கும் சொற்களோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் ஒரு பக்கம், துப்புதலைக் குறிக்கும் சொற்களோடு சேர்ப்பவர்கள் இன்னொரு பக்கம். எது சரியானாலும் நம் கேள்விக்குக் குறையில்லை, ஏனென்றால் இந்தச் சொல்லை உடற்கூற்றுக்கு எடுத்து வந்தவர்கள் ‘சளி’ என்ற பொருளில்தான் எடுத்தார்கள். பித்தத்துக்கு லத்தீனில் ‘பிலிஸ்’, ‘ஃபெல்’ என்று வேறு சொற்கள் உண்டு. வடமொழிப் ‘பித்த’த்தையும் ‘பிட்யூட்டா’வையும் ஒலியை வைத்து முடிச்சுப் போடும் விளக்கங்களைத் தள்ளிவிடலாம். ஒலி ஒத்துப்போவது மட்டும் உறவுக்குச் சான்றாகாது.

கிரேக்க மருத்துவத்தில் உடலின் நீர்மங்கள் நான்கு: இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம். நம் மரபில் வளி, அழல், ஐயம் என்று மூன்று. ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்று குறள் சொல்வது இதைத்தான். ஐயம்தான் கபம். கிரேக்கரின் சளியும் நம் கபமும் குளிர்ச்சி, ஈரம், கனம் என்ற குணங்களில் ஒத்துப்போவதால் மொழிபெயர்ப்பில் ஒன்றுக்கு ஒன்று நிற்கின்றன. ஆனால் மூன்று பேர் உள்ள குடும்பத்தையும் நான்கு பேர் உள்ள குடும்பத்தையும் ஆளுக்கு ஆள் பொருத்த முடியாது. சித்த மருத்துவத்தில் கபம் உடல் முழுவதையும் தாங்கும் ஒரு தன்மை. அதை மூளையிலிருந்து சொட்டும் கழிவுநீராகக் கண்டது கிரேக்க மரபு. கபச்சுரப்பி என்ற பெயருக்குள் ஒளிந்திருப்பது அந்தக் கிரேக்கக் கருத்துதான். இடையில் ஒரு வேடிக்கை: கிரேக்கர் சளிக்கு வைத்த ‘ஃப்ளெக்மா’ என்ற சொல் ‘எரிதல்’ என்ற வினையிலிருந்து பிறந்தது, முதலில் அழற்சியைக் குறித்தது. சுடுவதற்கு இருந்த பெயர் குளிர்ந்த நீருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மருத்துவச் சொற்களில் இப்படி நடப்பது புதிதல்ல.

இனி அந்தக் கருத்து. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் மருத்துவம் பார்த்த கேலன் என்ற கிரேக்கர், மூளை வேலை செய்யும்போது கழிவு உண்டாகிறது, அது வெளியேற வழி வேண்டும் என்று எண்ணினார். ஆவியாக இலேசானது மண்டையோட்டின் இணைப்புகள் வழியே மேலே போய்விடும். கனத்த, பிசுபிசுத்த கழிவு மூளையின் உள்ளறைகளில் தேங்கி, கீழே இருக்கும் புனல் போன்ற தண்டு வழியாக இறங்கி, அதன் நுனியில் தொங்கும் சுரப்பியில் விழுந்து, அங்கிருந்து எலும்பின் துளைகள் வழியே மூக்குக்கும் அண்ணத்துக்கும் வடியும். நமக்குச் சளி பிடித்தால் மூக்கில் ஒழுகுவது இதுதான் என்பது அவர் கணக்கு. ‘தலையில் நீர் கோத்துக்கொண்டது’ என்று இன்றும் தமிழில் சொல்கிறோம். கேலன் காதில் விழுந்திருந்தால் தலையாட்டியிருப்பார்.

அவர் கற்பனையாகச் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உலர்ந்த மண்டையோடு ஒன்றை எடுத்து உட்புறத்தைப் பாருங்கள். நடுவில், ஸ்பீனாய்டு எலும்பின் மேல், குதிரைச் சேணம் போல் ஒரு பள்ளம் இருக்கிறது. அதற்குத் ‘துருக்கிச் சேணம்’ என்றே பெயர். சுரப்பி உட்காரும் இடம் அதுதான். அதற்கு முன்னால், மூக்குக்கு நேர் மேலே, எத்மாய்டு எலும்பில் சல்லடை போல் துளைகள் தெரியும். எத்மாய்டு என்ற பெயரே சல்லடையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மேலே புனல், கீழே பள்ளம், முன்னே சல்லடை. இதைப் பார்க்கும் எவருக்கும் வடிகால் என்றுதான் தோன்றும். ஆனால் உயிருள்ள உடலில் அந்தத் துளைகளை நுகர்ச்சி நரம்பின் இழைகளும் சவ்வும் அடைத்திருக்கின்றன. உலர்ந்த எலும்பில் அது தெரியாது. புனலின் மேல்பகுதி மட்டும்தான் மனிதரில் உட்குழிவானது. மூன்றாம் மூளையறையின் ஒரு மூலை அதற்குள் சற்று இறங்கி, அடைபட்டு முடிந்துவிடுகிறது. கேலன் மனித உடலை அறுக்கவில்லை. மாடு, பன்றி, குரங்கு போன்றவற்றை அறுத்துப் பார்த்ததை மனிதருக்கும் ஏற்றிச் சொன்னார்.

1543-இல் வெளியான தன் பெரிய உடற்கூற்று நூலில் உடற்கூற்றறிஞர் வெசாலியஸ் கேலனின் பல தவறுகளைத் திருத்தினார். மூளையின் அடியில் மாடுகளுக்கு இருக்கும் இரத்தக்குழாய் வலை மனிதருக்கு இல்லை என்று துணிந்து எழுதியவர் அவர். ஆனால் சளி இறங்கும் கதையை மட்டும் விடவில்லை. மூளையின் சளியை வாங்கிக்கொள்ளும் சுரப்பி என்ற பொருளில்தான் இந்த உறுப்பை விவரித்தார். அந்த விவரிப்பிலிருந்துதான் ‘பிட்யூட்டாரியா’ என்ற அடைமொழி நிலைத்தது. கவனியுங்கள்: ‘சளியைச் சுரக்கும்’ என்று இல்லை, ‘சளியை வாங்கும்’ என்றுதான். ‘கபச்சுரப்பி’ என்று தமிழில் சொன்னதும் ‘கபத்தைச் சுரக்கும் சுரப்பி’ என்று இயல்பாகப் பொருள் விரிகிறது. பழைய லத்தீன் கருத்திலோ அது வழியில் நிற்கும் ஒரு வடிகட்டி. ஆக நம் சொல்லில் தவறு ஒரு படி கூடியிருக்கிறது.

அந்தக் கதை உடைந்தது 17-ஆம் நூற்றாண்டில். விட்டன்பர்க் பேராசிரியர் கொன்ராட் விக்டர் ஷ்னைடர், 1660-இல் தொடங்கி வெளியிட்ட பெரிய நூலில், மூக்குச் சளி மூளையிலிருந்து வரவில்லை, மூக்கின் உட்சவ்வே அதை உண்டாக்குகிறது என்று காட்டினார். எலும்புத் துளைகள் வழியே எதுவும் ஒழுகவில்லை என்பதும் அவர் சொன்னதுதான். அந்தச் சவ்வை இன்றும் மருத்துவர்கள் ஷ்னைடர் பெயரால் அழைப்பதுண்டு. அடுத்த பத்து ஆண்டுகளில் இங்கிலாந்தில் ரிச்சர்ட் லோயர் அதே முடிவுக்கு வந்தார். மூளையறைகளின் நீர் அண்ணத்தில் சொட்டுவதில்லை, இரத்தத்திலேயே திரும்பச் சேர்கிறது என்றார். போய்ச் சேரும் இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார். மூளைத்தண்டுவட நீர் கடைசியில் சிரை இரத்தத்தில்தான் கலக்கிறது, பிட்யூட்டரி வழியாக அல்ல என்பதுதான் வேறுபாடு.

கருத்து செத்துப் போனது, பெயர்கள் சாகவில்லை. அந்தத் தண்டுக்கு இன்றும் ‘இன்ஃபண்டிபுலம்’ என்று பெயர், லத்தீனில் புனல். மூக்கொழுகுவதற்கு மேலை மருத்துவம் வைத்த ‘கேட்டார்’ என்ற சொல்லின் பொருள் ‘கீழே வழிவது’. எதிலிருந்து கீழே என்று கேட்டால், மூளையிலிருந்து.

1778-இல் ஜெர்மானிய உடற்கூற்றறிஞர் சோமரிங் வேறொரு பெயர் வைத்தார்: ‘ஹைப்போஃபைசிஸ்’. கிரேக்கத்தில் ‘கீழே முளைத்தது’. வேலையைப் பற்றி எதுவும் சொல்லாமல் இடத்தை மட்டும் சொல்வதால் இது பாதுகாப்பான பெயர் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கருவின் வளர்ச்சியைப் பார்த்தால் இதுவும் பாதிதான் சரி. சுரப்பியின் பின்மடல் மூளையிலிருந்து கீழே இறங்கி வளர்கிறது. முன்மடலோ கருவின் வாய்க்கூரையிலிருந்து பை போல மேலே ஏறி வந்து மூளையோடு ஒட்டிக்கொள்கிறது. மார்ட்டின் ராத்கே 1838-இல் விவரித்ததால் அதை ராத்கே பை என்கிறோம். மூளையிலிருந்து வாய்க்கு எதுவும் இறங்கவில்லை. வாயிலிருந்துதான் ஒன்று மூளைக்கு ஏறியிருக்கிறது. கேலனின் அம்புக்குறியைத் திருப்பிப் போட்டது போல. இந்த இரட்டைப் பிறப்பால்தான் முன்மடலுக்கு ‘அடினோஹைப்போஃபைசிஸ்’, பின்மடலுக்கு ‘நியூரோஹைப்போஃபைசிஸ்’ என்று தனித்தனிப் பெயர்கள். முன்னது சுரப்பித் திசு, பின்னது நரம்புத் திசு.

மருத்துவ அறிக்கைகளில் ஒரு இடறல் உண்டு. ‘ஹைப்போஃபைசிஸ்’ என்றால் பிட்யூட்டரி. ‘எபிஃபைசிஸ்’ என்றால் ‘மேலே முளைத்தது’, மூளையைப் பற்றிப் பேசும் இடத்தில் அது பினியல் என்ற இன்னொரு சிறு சுரப்பி. எலும்பைப் பற்றிப் பேசும் இடத்தில் அதே எபிஃபைசிஸ் நீள எலும்பின் முனை. இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

உண்மையில் இந்தச் சுரப்பி என்ன செய்கிறது? பெரியவர்களில் எடை அரை கிராம் அளவு, பட்டாணி அளவு உருவம். முன்மடல் ஆறு முக்கிய ஹார்மோன்களைச் சுரக்கிறது: வளர்ச்சி ஹார்மோன், பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின், தைராய்டைத் தூண்டுவது ஒன்று, அட்ரினலின் புறணியைத் தூண்டுவது ஒன்று, சினைப்பையையும் விரையையும் இயக்குபவை இரண்டு. பின்மடல் எதையும் தானாக உண்டாக்குவதில்லை. சுரப்பிக்கு மேலே உள்ள மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸ் உண்டாக்கி நரம்பிழைகள் வழியே அனுப்பும் வாசோபிரசின், ஆக்சிடோசின் என்ற இரண்டு ஹார்மோன்களைச் சேர்த்துவைத்து, வேண்டும்போது இரத்தத்தில் விடுகிறது. கறாராகப் பார்த்தால் பின்மடல் சுரப்பி அல்ல, கிடங்கு.

முன்மடலுக்கும் கட்டளை மேலிருந்துதான் வருகிறது. தண்டில் இறங்கும் நுண்ணிய இரத்தக்குழாய்களை 1930-இல் போப்பாவும் ஃபீல்டிங்கும் விவரித்தார்கள். ஆனால் இரத்தம் மேலே போகிறது என்று எண்ணினார்கள். 1936-இல் விஸ்லாக்கியும் கிங்கும் ஓட்டம் கீழ்நோக்கியே என்றார்கள். அந்தக் குழாய் வழியே ஹைப்போதலாமஸ் வேதிப்பொருள்களை அனுப்பித்தான் முன்மடலை ஆள்கிறது என்பதை ஜெஃப்ரி ஹாரிஸ் நிலைநாட்டினார். அந்தப் பொருள்களைப் பிரித்தெடுத்ததற்காகக் ரோஜர் கியமெனுக்கும் ஆண்ட்ரூ ஷாலிக்கும் 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. மூளையிலிருந்து தண்டு வழியே ஏதோ கீழே இறங்குகிறது என்ற கேலனின் ஊகம் இப்படிப் பார்த்தால் வீண்போகவில்லை. இறங்குவது சளி அல்ல, போய்ச் சேர்வது மூக்குக்கு அல்ல, அவ்வளவுதான். பாடநூல்கள் பிட்யூட்டரியைத் ‘தலைமைச் சுரப்பி’ என்று புகழ்வதும் இதனால் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. தலைமைக்கு மேலே இன்னொரு தலைமை இருக்கிறது.

‘சுரப்பி’ என்ற சொல்லையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் குழப்பத்தில் அதற்கும் பங்குண்டு. ஆங்கிலம் முதலிய மொழிகளில் உள்ள சொல் லத்தீன் ‘கிளாண்டுலா’விலிருந்து வந்தது, ‘கிளான்ஸ்’ என்றால் ஓக் மரத்துக் கொட்டை, கிளாண்டுலா ‘சின்னக் கொட்டை’. கழுத்தில் கைக்குத் தட்டுப்படும் உருண்டைகளுக்கு வைத்த பெயர். கிரேக்கத்தில் ‘அடேன்’, அடினாய்டு, அடினோமா எல்லாம் அந்த வழி வந்தவை. லத்தீனில் தொடைமடிப்பைக் குறிக்கும் ‘இங்குவென்’ இதன் உறவுச்சொல் என்பது மொழியியலாளர் பலர் ஏற்கும் கருத்து. காலில் புண் வந்தால் தொடைமடிப்பில் நெறி கட்டுமே, அந்த இடம். ஆக மேலை மொழிகள் உருவத்தை வைத்துப் பெயரிட்டன. தமிழோ ‘சுரத்தல்’ என்ற வினையை எடுத்து வேலையை வைத்துப் பெயரிட்டது. பால் சுரக்கும், ஊற்று சுரக்கும்; சுரப்பது சுரப்பி. தெளிவில் தமிழ்ச்சொல் ஒரு படி மேல். ஆனால் இந்தத் தெளிவே பழைய பெயர்களை மொழிபெயர்க்கும்போது வம்பாகிறது. நெறி கட்டும் அந்த உருண்டைகள் எதையும் சுரப்பதில்லை. நிணநீரை வடிகட்டி நோய்க்கிருமிகளை எதிர்க்கும் முடிச்சுகள் அவை. உருவத்தால் அவற்றைக் கிளாண்டு என்றபோது பொய் இல்லை. ‘நிணநீர்ச் சுரப்பி’ என்று தமிழில் எழுதியதும் பொய்யாகிவிடுகிறது. ‘நிணநீர்க் கணு’ என்பதுதான் சரி. கபச்சுரப்பியில் நடந்ததும் இதே விபத்து: உருவத்தைச் சொன்ன சொல் வேலையைச் சொல்லும் சொல்லாக மாறி, முன்னால் நிற்கும் ‘கபம்’ அதற்குச் செயப்படுபொருளாகிவிட்டது.

மற்ற சுரப்பிகளின் பெயர்கள் இவ்வளவு தொல்லை தருவதில்லை. பரோட்டிட் என்றால் ‘காதருகே’, அட்ரினல் என்றால் ‘சிறுநீரகத்தை ஒட்டி’. தைராய்டு மட்டும் சற்றே சுற்றுவழி. கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து முதலில் குரல்வளைக் குருத்தெலும்புக்குப் பெயர் வந்தது. 1656-இல் தாமஸ் வார்ட்டன் பக்கத்தில் இருந்த சுரப்பிக்கும் அதையே வைத்தார். வண்ணத்துப்பூச்சி போல் இருக்கும் சுரப்பிக்குக் கேடயம் என்று பெயர் வந்தது அண்டைவீட்டு உறவால்.

பிட்யூட்டரியை மற்ற மொழிகள் எப்படிச் சமாளித்தன? ஜெர்மன் ‘மூளையில் தொங்கும் சுரப்பி’ என்கிறது. ஜப்பானியமும் கிட்டத்தட்ட அதையே, மூளைக்குக் கீழே தொங்கும் உடல் என்கிறது. இந்தியில் வைத்தது எனக்குப் பிடித்த தீர்வு: ‘பீயூஷ் கிரந்தி’. ஒலி பிட்யூட்டரியை நினைவூட்டுகிறது, பொருளோ அமுதம். வடமொழியில் பீயூஷத்துக்குக் கன்று ஈன்ற பசுவின் சீம்பால் என்றும் பொருள் உண்டு. பால் சுரக்கவைக்கும் ஹார்மோனைத் தரும் சுரப்பிக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டாம். சளியை அமுதமாக்கிவிட்டார்கள்.

தமிழில் இப்போது புழங்குபவை நான்கு: பிட்யூட்டரி சுரப்பி, கபச்சுரப்பி, அடிமூளைச் சுரப்பி, மூளையடிச் சுரப்பி. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முதலாவதையும் இலங்கைப் பாடநூல்கள் இரண்டாவதையும் ஆள்கின்றன. தேர்வு எழுதும் மாணவர் தன் பாடநூல் சொல்லையே எழுதட்டும். அங்கே திருத்தம் செய்தால் மதிப்பெண்தான் போகும். நோயாளிக்கான குறிப்பு எழுதுபவர் மட்டும் கபச்சுரப்பியைத் தவிர்ப்பது நல்லது. ‘கபச்சுரப்பியில் கட்டி’ என்று படிப்பவர் சளி கட்டியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார். கபத்தை இறக்கும் மருந்தைத் தேடிப் போவார். உண்மையில் அங்கே பெரும்பாலும் இருப்பது அடினோமா, அதாவது சுரப்பித் திசுவில் வந்த, பரவாத கட்டி. அது பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தை அழுத்தினால் இரு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை குறையும். சில வகைகளில் ஹார்மோன் கூடும் அல்லது குறையும். முதல் தடவை ‘பிட்யூட்டரி சுரப்பி’ என்று எழுதி, ‘மூளைக்கு அடியில் உள்ள பட்டாணி அளவுச் சுரப்பி’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். மருத்துவர் வாயிலும் ஸ்கேன் அறிக்கையிலும் அவர் கேட்கப்போவது அந்தச் சொல்லைத்தான்.

ஒரு இடத்தில் மட்டும் மூளைநீர் மெய்யாகவே மூக்கில் வருவதுண்டு. பிட்யூட்டரிக் கட்டியை இன்று பெரும்பாலும் மூக்கு வழியாகவே எடுக்கிறார்கள். ஸ்பீனாய்டு எலும்பின் காற்றறையைத் திறந்து சேணத்தின் அடித்தளத்தை அடைவது வழி. 1907-இல் ஹெர்மன் ஷ்லோஃபர் மூக்குப் பக்கமாக முதலில் செய்து காட்டினார். கேலன் கற்பனை செய்த பாதையில் எதிர்த்திசையில் போகிறது கத்தி. இந்த அறுவைக்குப் பிறகோ, தலையில் அடிபட்ட பிறகோ, ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும், குனியும்போது அதிகமாக, பிசுபிசுப்பே இல்லாத தெளிந்த நீர் சொட்டினால் அதைச் சளி என்று விட்டுவிடக் கூடாது. அது மூளைத்தண்டுவட நீராக இருக்கலாம், மூளையுறைக் காய்ச்சலுக்கு அந்த ஓட்டை வழிவிடும். மூக்கைச் சிந்தாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த நீரைப் பிடித்து, பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சளியில் அது இருக்காது.